ஸ்குரூவுக்கேற்ற துளை: வீட்டில் கட்டப்படும் விமானத்தில் டிரில் பிட் அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

தனிமனிதர் ஒருவர் தம் வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஒரு சிறு விமானத்தைக் கட்டி முடித்து, அரசின் ஆய்வுக்குப் பின் அதைத் தாமே ஓட்டிச் செல்ல அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. கட்டுமான வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை; வழக்கில் இதனை 51 சதவீத விதி என்பர். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் 1973இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்களில் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. அலுமினியத் தகடுகளால் ஆன இந்த விமானம் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் ரிவெட் அடிக்கப்பட, ஆய்வு மூடி, தரைத்தகடு, எரிபொருள் தொட்டி, இறக்கை நுனி போலக் கழற்றி மாட்ட வேண்டிய இடங்களில் ஸ்குரூவும் போல்ட்டும் இடம்பெறுகின்றன.

ரிவெட்டுக்கும் ஸ்குரூவுக்கும் துளையைப் பொறுத்தவரை ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ரிவெட்டை அடிக்கும்போது அதன் தண்டு பருத்துத் துளையை முழுவதுமாக நிரப்பிக்கொள்வதால், துளையில் முன்பிருந்த சிறு இடைவெளி மறைந்துவிடுகிறது. ஸ்குரூவின் தண்டு அவ்வாறு பருப்பதில்லை என்பதால், துளையிடும் நாளில் விட்ட இடைவெளி அந்த விமானத்தின் ஆயுள் முழுவதும் அப்படியே நிற்கிறது. ஆகவே ஸ்குரூவுக்கான டிரில் பிட்டைத் தேர்ந்தெடுப்பது, ஸ்குரூவின் அளவைப் பட்டியலில் தேடிப் பார்ப்பதோடு முடிந்துவிடும் வேலை அன்று. ஒரே ஸ்குரூவுக்கு ஓரிடத்தில் ஓர் அளவும் மற்றோரிடத்தில் வேறோர் அளவும் சரியாக இருக்கும். அந்தத் துளை எந்த வேலைக்காக இடப்படுகிறது என்பதே அதன் அளவைத் தீர்மானிக்கிறது.

எதிரெதிராக ஓடும் இரண்டு எண் வரிசைகள்

அமெரிக்க டிரில் பிட்டுகள் மூன்று வரிசைகளாக விற்கப்படுகின்றன. முதல் வரிசை 1/8, 3/16, 1/4 என்று அங்குலத்தின் பின்னங்களால் குறிக்கப்படுகிறது. இரண்டாவது எண் வரிசை: 1ஆம் எண் பிட்டின் விட்டம் 0.228 அங்குலம், எண் ஏற ஏற விட்டம் குறைந்து, 80ஆம் எண்ணில் 0.0135 அங்குலத்தில் முடிகிறது. எஃகுக் கம்பிகளின் தடிமனைக் குறிக்க இங்கிலாந்தில் புழங்கிய பழைய கம்பி அளவு முறையின் வழிவந்தது இவ்வரிசை. மூன்றாவது ஆங்கில எழுத்துகளால் அமைந்த வரிசை, 0.234 அங்குலமுள்ள 'ஏ' தொடங்கி 0.413 அங்குலமுள்ள 'இசட்' வரை அது செல்கிறது. இம்மூன்றும் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்புவதால், விமானம் கட்டுபவர் மூன்றையும் கையாள வேண்டியிருக்கிறது. தமிழகப் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்று எண்ணிப் பழகியவர்களுக்குப் பின்ன வரிசை எளிதில் பிடிபடும். ஆனால் விமான வேலையில் பெரும்பாலும் தேவைப்படுவது எண் வரிசையே, ஏனெனில் அங்கே அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர் வரை கணக்கில் வருகிறது.

ஸ்குரூக்களுக்கும் எண் உண்டு. ஆனால் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. கால் அங்குலத்துக்கும் குறைந்த அமெரிக்க ஸ்குரூவின் மரை விட்டத்தை அறிய, அதன் எண்ணை 0.013ஆல் பெருக்கி 0.060ஐக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கின்படி 6ஆம் எண் ஸ்குரூ 0.138 அங்குலமும், 8ஆம் எண் ஸ்குரூ 0.164 அங்குலமும், 10ஆம் எண் ஸ்குரூ 0.190 அங்குலமும் விட்டமுடையவை. வீட்டில் கட்டும் விமானங்களில் மிகுதியாகப் புழங்குபவை இம்மூன்றே.

பெயரை மட்டும் பார்த்துப் பிட்டை எடுப்பவர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். 10ஆம் எண் ஸ்குரூவுக்கு 10ஆம் எண் பிட் 0.1935 அங்குலத் துளையைத் தருவதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. இந்தத் தற்செயலான ஒற்றுமையைப் பொதுவிதி என்று கொண்டு 8ஆம் எண் ஸ்குரூவுக்கு 8ஆம் எண் பிட்டை எடுத்தால், 0.164 அங்குல ஸ்குரூவுக்கு 0.199 அங்குலத் துளை அமைகிறது. 6ஆம் எண்ணிலோ நிலைமை இன்னும் மோசம்: ஸ்குரூ 0.138 அங்குலமாக இருக்க, பிட் 0.204 அங்குலமாகப் பருத்துவிடுகிறது. ஸ்குரூ சிறுத்துக்கொண்டே போக, துளை பெருத்துக்கொண்டே போகும்.

போல்ட்டுகளின் பெயரிடும் முறை வேறு. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த 'ஏஎன்' தரத்தில், போல்ட்டின் எண் அதன் விட்டத்தை அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்று கூறுகிறது. ஏஎன்3 என்பது 3/16 அங்குலம், ஏஎன்4 என்பது 1/4 அங்குலம், ஏஎன்5 என்பது 5/16 அங்குலம். இவற்றில் ஏஎன்3 போல்ட்டின் மரையும் 10ஆம் எண் ஸ்குரூவின் மரையும் ஒன்றே. இரண்டும் '10-32' என்று குறிக்கப்படுகின்றன. அங்குலத்துக்கு 32 மரை என்பது அதன் பிற்பகுதியின் பொருள். அதனால் இரண்டும் ஒரே நட்டில் ஏறும்.

ஸ்குரூ நுழைந்து செல்லும் துளை

ஸ்குரூவின் தலை மேல்தகட்டை அழுத்த, அதன் மரை அடியிலுள்ள நட்டைப் பற்றிக்கொள்ளும் இணைப்பில், தகட்டின் துளை செய்ய வேண்டியதெல்லாம் ஸ்குரூவுக்கு வழிவிடுவதே. ஆயினும் வழி மிக அகலமாக இருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடமுண்டு. மிகக் குறுகலாக இருந்தால் மரை துளையின் சுவரைச் சுரண்டும், வரிசையாக உள்ள பல துளைகளில் ஒன்று இம்மியளவு விலகினாலும் ஸ்குரூ நுழைய மறுக்கும். எனவே ஸ்குரூவின் விட்டத்துக்கு மேல் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் ஆறு பங்கு வரை கூடுதலாக விடுவது வழக்கம். 6ஆம் எண் ஸ்குரூவுக்கு 28ஆம் எண் பிட் 0.1405 அங்குலத் துளையைத் தருகிறது. சற்றுத் தாராளம் வேண்டுமானால் 0.144 அங்குலமுள்ள 27ஆம் எண் பிட் உண்டு. 8ஆம் எண் ஸ்குரூவுக்கு 0.166 அங்குலமுள்ள 19ஆம் எண் பிட் இறுக்கமாகவும், 0.1695 அங்குலமுள்ள 18ஆம் எண் பிட் இளக்கமாகவும் பொருந்தும். 10ஆம் எண் ஸ்குரூவுக்கு 11ஆம் எண் பிட்டின் 0.191 அங்குலம் நெருக்கமானது. 10ஆம் எண் பிட் எளிதாக மாட்டக் கூடியது.

அங்குல எண் பிட்டுகள் கிடைக்காத நாடுகளில் மில்லிமீட்டர் பிட்டுகளைக் கொண்டே இந்த அளவுகளை நெருங்க முடியும். 3.6 மில்லிமீட்டர் 28ஆம் எண்ணுக்கும் 27ஆம் எண்ணுக்கும் இடையில் அமைகிறது, 4.2 மில்லிமீட்டர் 19ஆம் எண்ணை விட இம்மியளவே சிறியது, 4.8 மில்லிமீட்டரும் 12ஆம் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் பட்டியலில் உள்ள எண்ணை நம்புவதைக் காட்டிலும் பிட்டையே வெர்னியர் காலிப்பரில் வைத்து அளப்பது நல்லது. அச்சு தேய்ந்துபோன பழைய பிட்டுகளில் எண் 30ஐயும் 1/8 அங்குலத்தையும் கண்ணால் பிரித்தறிய இயலாது, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஆயிரத்தில் மூன்றரைப் பங்கே.

மரை போடும் துளை

இரண்டாவது வகைத் துளையில் ஸ்குரூவின் மரை அந்த உலோகத்தையே பற்றுகிறது. இதற்கு முதலில் சிறிய துளை இட்டு, பின்னர் டேப் எனப்படும் மரை வெட்டும் கருவியைச் செலுத்த வேண்டும். இத்துளையின் அளவைக் கண்டறிய ஒரு கணக்கு உண்டு: ஸ்குரூவின் விட்டத்திலிருந்து ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கழித்தால் துளையின் அளவு கிடைக்கும். 10-32 ஸ்குரூவில் மரைத்தூரம் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.03125, அதனை 0.190இலிருந்து கழித்தால் 0.15875 எஞ்சுகிறது. 21ஆம் எண் பிட்டின் 0.159 அங்குலம் அதற்கு மிக நெருக்கமானது. பட்டியல்களும் அதனையே கூறுகின்றன. இவ்வாறே 6-32 ஸ்குரூவுக்கு 0.1065 அங்குலமுள்ள 36ஆம் எண் பிட்டும், 8-32 ஸ்குரூவுக்குக் கணக்கின் விடையை விடச் சற்றே பெரிய 0.136 அங்குலமுள்ள 29ஆம் எண் பிட்டும் அமைகின்றன.

ஆனால் விமானத்தின் தகடுகளில் இவ்வகைத் துளைக்கு இடம் குறைவு. அதன் காரணம் மேற்கூறிய கணக்கிலேயே இருக்கிறது. ஆர்வி விமானங்களின் மேல்தகடு பெரும்பாலும் 0.025 அல்லது 0.032 அங்குலத் தடிமனே உடையது. 32 மரையுள்ள ஸ்குரூவுக்கு ஒரு மரையின் தூரமே 0.03125 அங்குலம் என்பதால், 0.032 அங்குலத் தகட்டில் ஒரேயொரு மரைதான் அடங்கும். ஒற்றை மரையைப் பிடித்துக்கொண்டு எந்த ஸ்குரூவும் அதிர்வைத் தாங்கி நிற்காது. இதற்கு விமானத்துறை கண்ட தீர்வே நட்பிளேட். இரு பக்கமும் காதுகள் கொண்ட சிறு தகட்டில் தானே இறுகும் நட்டைப் பொருத்தி, அக்காதுகளைத் தகட்டின் உட்புறத்தில் ரிவெட் செய்துவிட்டால், வெளியிலிருந்து ஸ்குரூவை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். கே1000-06, கே1000-08, கே1000-3 என்னும் வகைகள் முறையே 6, 8, 10 எண் ஸ்குரூக்களுக்கு உரியவை.

நட்பிளேட் பொருத்தும் வேலையில் பிட் அளவுகள் எவ்வாறு ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதைத் தெளிவாகக் காணலாம். 8ஆம் எண் ஸ்குரூ ஒன்றின் இடத்தில் முதலில் 40ஆம் எண் பிட்டால் 0.098 அங்குலச் சிறு துளை இடப்படுகிறது. அது படிப்படியாக 19ஆம் எண் வரை அகலப்படுத்தப்படுகிறது. பின்னர் அத்துளை வழியாக ஒரு ஸ்குரூவைச் செலுத்தி நட்பிளேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் ஒரு காதின் துளை வழியே 40ஆம் எண் பிட்டால் தகட்டைத் துளைத்து, அதில் வெள்ளி நிறக் கிளிக்கோவைச் செருகியபின் மறு காதைத் துளைக்க வேண்டும். தகடுகளைத் தற்காலிகமாகப் பிணைக்கும் வில் பூட்டான கிளிக்கோவின் நிறமே துளையின் அளவைச் சொல்லிவிடும்: வெள்ளி நிறம் 3/32 அங்குலத்துக்கும், செம்பு நிறம் 1/8 அங்குலத்துக்கும், கறுப்பு 5/32 அங்குலத்துக்கும், பித்தளை நிறம் 3/16 அங்குலத்துக்கும் உரியவை. காதுகளை முதலில் துளைத்துவிட்டு ஸ்குரூத் துளையைப் பின்னர் இட்டால் நட்டும் துளையும் ஒரே மையத்தில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை.

சுமை தாங்கும் துளை

மூன்றாவது வகை, போல்ட் தன் தண்டினால் பக்கவாட்டு விசையைத் தாங்கும் துளை. இரண்டு தகடுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படும்போது அவற்றுக்கிடையே உள்ள போல்ட்டை வெட்ட முயலும் விசைக்கு வெட்டு விசை என்று பெயர். இங்கே மரை தகட்டுக்குள் வரக்கூடாது. போல்ட்டின் வழவழப்பான தண்டே துளையின் சுவரில் படிய வேண்டும். அதனால்தான் போல்ட்டின் மரையில்லாப் பகுதியின் நீளம் தகடுகளின் மொத்தத் தடிமனுக்குச் சமமாக இருக்குமாறு போல்ட் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஏஎன்3 போல்ட் பெயரளவில் 3/16 அங்குலம், அதாவது 0.1875 என்றாலும், தரப்படி அதன் தண்டு 0.186 முதல் 0.189 அங்குலம் வரை எதுவாகவும் இருக்கலாம். 12ஆம் எண் பிட்டின் 0.189 அங்குலத் துளை, மிகப் பருத்த போல்ட்டையும் உள்ளே விடும் எல்லையில் நிற்கிறது. 10ஆம் எண் பிட்டின் துளையில், மிக மெல்லிய போல்ட் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு ஆடும். ஆய்வு மூடிக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டன்று. கட்டுப்பாட்டுத் தண்டின் மூட்டிலோ இறக்கைத் தாங்கியிலோ அது மெல்ல மெல்லத் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1998இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்னும் பழுதுபார்ப்புக் கையேடு இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்துகிறது: பொதுவாக, போல்ட்டின் பெயரளவு விட்டத்துக்கு அடுத்துப் பெரியதாக உள்ள எழுத்து வரிசைப் பிட்டைப் பயன்படுத்தலாம் என்றும், நெருக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களுக்கும் தலையில் முக்கோணக் குறியுள்ள நுண்ணளவுப் போல்ட்டுகளுக்கும் இது பொருந்தாது என்றும் அது கூறுகிறது.

அத்தகைய இடங்களில் பிட் மட்டும் போதாது. முறுக்குப் பள்ளமுள்ள டிரில் பிட் எப்போதும் தன் விட்டத்தை விடச் சற்றுப் பெரிய துளையையே இடுகிறது; மெல்லிய தகட்டில் அத்துளை வட்டமாகக் கூட இராமல் முக்கோணச் சாயல் கொள்வதுண்டு. ஆகவே 0.182 அங்குலமுள்ள 14ஆம் எண் பிட்டால் துளையிட்டு, எஞ்சிய ஆயிரத்தில் ஐந்தாறு பங்கை ரீமரால் சீவியெடுப்பது வழக்கம். பல வெட்டு விளிம்புகள் கொண்ட ரீமர், பிட்டைப் போலப் புதிதாகத் துளைக்காமல், இருக்கும் துளையின் சுவரை மழித்து உரிய விட்டத்துக்குக் கொண்டுவருகிறது. 0.1875 அங்குல ரீமரால் முடிக்கப்பட்ட துளையில், தரத்தின் மேல் எல்லையில் உள்ள ஏஎன்3 போல்ட் மெல்லத் தட்டினால்தான் இறங்கும், கீழ் எல்லையில் உள்ளதோ விரலால் அழுத்தினாலே இறங்கிவிடும் என்பதால், போல்ட்டையும் அளந்து பார்த்தே எடுக்க வேண்டும்.

துளை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இணைப்பின் வலிமையில் பெரும்பங்கு இறுக்கத்தைச் சார்ந்தது. 10-32 மரையுள்ள போல்ட்டின் நட்டை 20 முதல் 25 அங்குல-பவுண்டு வரை, கால் அங்குலப் போல்ட்டின் நட்டை 50 முதல் 70 அங்குல-பவுண்டு வரை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அவ்வாறு இறுகும்போது தகடுகளுக்கிடையே எழும் உராய்வே அன்றாடச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவதால், தண்டின்மேல் விழும் விசை குறைகிறது.

பொருளுக்கேற்ப மாறும் அளவு

இதுவரை கூறியவை அலுமினியத்துக்கு உரியவை. விமானி அமரும் அறையின்மேல் கவிந்திருக்கும் ஒளிபுகும் மூடி அக்ரிலிக்கால் ஆனது. வெப்பத்தில் அது அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரிகிறது. குளிர்காலக் காலைக்கும் கோடை நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீள, அதே நீள அலுமினியச் சட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீள்கிறது. சட்டத்தில் ஸ்குரூவுக்கு நெருக்கமான துளையிடும் அதே கை, அக்ரிலிக்கில் அதைவிடப் பெரிய துளையிட்டால்தான் அது நகர்ந்துகொள்ள இடம் கிடைக்கும். இல்லையேல் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடத் தொடங்கும். அலுமினியத்துக்கான பிட்டின் கூரிய விளிம்பு அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்துச் சில்லுகளைப் பெயர்த்துவிடும் என்பதால், முனைக்கோணம் குறுகலாகத் தீட்டப்பட்ட தனி பிட்டுகளே அதற்கு ஏற்றவை.

தட்டைத்தலை ஸ்குரூவுக்கு மற்றொரு கணக்கும் சேர்கிறது. தலை மேற்பரப்போடு சமமாக அமிழ வேண்டிய இடத்தில், மெல்லிய தகட்டைச் சீவிக் குழியெடுத்தால் துளையைச் சுற்றிக் கத்தி விளிம்பே எஞ்சும். ஆதலால் அத்தகட்டை அச்சுகளுக்கிடையே அழுத்திக் குழிவாக்குகின்றனர். டிம்பிள் எனப்படும் இந்த வேலையில் துளையின் விளிம்பு இழுபட்டு விரிவதால், ஸ்குரூத் துளையை அதற்கு முன்பே தாராளமாக விட்டுவிடக் கூடாது. விமான ஸ்குரூவின் தலைச்சரிவு 100 டிகிரி. அமெரிக்க இரும்புக்கடைகளில் சாதாரணமாக விற்கும் கவுண்டர்சிங்க் பிட் 82 டிகிரி. விட்டம் பொருந்தினாலும் கோணம் பொருந்தாவிடில் தலை முழுப்பரப்பிலும் படியாமல் ஒரு வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

துளையிடும் முறையும் திருத்தும் வழியும்

துளையைப் பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியாது என்பதே இத்தொழிலின் முதல் பாடம். அதனால் இறுதி அளவை எப்போதும் கீழிருந்தே அணுகுகின்றனர்: 40ஆம் எண்ணில் தொடங்கி, 30ஆம் எண் வழியாக, இறுதி அளவுக்கு ஒருபடி முன்பு வரை பிட்டால் சென்று, கடைசிப் படியை ரீமருக்கோ கூரிய புது பிட்டுக்கோ விடுகின்றனர். அதே தடிமனுள்ள கழிவுத் தகட்டில் முதலில் ஒரு துளையிட்டு, உண்மையான ஸ்குரூவை அதில் நுழைத்துப் பார்த்த பின்னரே விமானத்தின் பாகத்தில் கை வைப்பது நன்று. பட்டியல் பிட்டின் அளவைச் சொல்லுமே தவிர, தேய்ந்த பிட்டும் ஆடும் சக்கும் சேர்ந்து இடும் துளையின் அளவைச் சொல்லாது.

துளையின் விளிம்பில் எஞ்சும் பிசிறை நீக்குவதும் அளவைப் போன்றே இன்றியமையாதது. பிசிறு தகடுகளை ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதோடு, தகைவு ஓரிடத்தில் குவியவும் காரணமாகிறது. அதிர்வு தொடரத் தொடர அங்கிருந்தே உலோகச் சோர்வு விரிசல் கிளம்பும். வான்ஸ் நிறுவனம் சில பாகங்களின் துளைகளை லேசரால் வெட்டுவித்தபோது, டிம்பிள் செய்தபின் அவற்றின் விளிம்புகளில் விரிசல்கள் காணப்பட்டதும், 2023இல் அந்நிறுவனம் விரிவான சோதனைகள் நடத்திப் பல பாகங்களை மாற்றித் தர வேண்டிவந்ததும், துளையின் தரம் விட்டத்தில் மட்டும் அடங்குவதில்லை என்பதற்குச் சான்று.

துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு போல்ட்டுக்கு மாறுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அதற்குமுன் விளிம்புத் தூரத்தைப் பார்க்க வேண்டும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து போல்ட் விட்டத்தைப் போல இருமடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஏஎன்3 போல்ட்டுக்கு இது 3/8 அங்குலம்; ஏஎன்4 போல்ட்டுக்கு மாறினால் 1/2 அங்குலமாகிவிடும். முதல் அளவுக்கென்றே வரையப்பட்ட சட்டத்தில் அந்தக் கூடுதல் 1/8 அங்குலம் பல நேரங்களில் இராது. அப்போது பாகத்தையே மாற்றுவதா, வலுவூட்டும் தகடு சேர்ப்பதா என்பதை வடிவமைப்பாளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எனவே பிட்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசை இவ்வாறு அமைகிறது. வரைபடத்தில் துளையின் அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதுவே முடிவு. பட்டியல்கள் அதை மாற்ற முடியாது. குறிக்கப்படாத இடத்தில், அத்துளை ஸ்குரூவுக்கு வழிவிடுகிறதா, மரையைப் பற்றுகிறதா, சுமையைத் தாங்குகிறதா, விரியும் பொருளுக்கு இடம் தருகிறதா என்பதை முதலில் தீர்மானித்து, அதன் பிறகே ஸ்குரூவின் விட்டத்தை அளந்து, எண் வரிசையில் உரிய பிட்டைத் தேட வேண்டும். இரண்டு பிட்டுகளுக்கிடையே ஐயம் எழுந்தால் சிறியதை எடுப்பதே முறை. ஸ்குரூ நுழையாவிடில் பெரிய பிட் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.